கடைமடையும் கணினித் திரையும்

நுழையும்முன்

கணினித் திரையில் ஒரு படம் சிதைந்து தோன்றும்போது, அது சிதைந்த விதமே பிழையின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். பழைய விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸ் இயங்குதளத்தில் இயக்குவோர் அடிக்கடி சந்திக்கும் இச்சிக்கலையும் அதைக் களையும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. பழவூரில் பிரியும் பாளையங்கால்வாயும் சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாயும் நெடுந்தொலைவு ஓடி, மடை மடையாகப் பிரிந்து, குளங்களை நிறைத்து வயல்களை அடைகின்றன. கடைமடையில் நீர் வரவில்லையென்றால் உழவர் தம் வயலை வெட்டிப் பார்ப்பதில்லை. கரையோடு மேலே நடந்து, நடுவழியில் உள்ள ஒரு மதகில் நீர் ஓடுகிறதா எனப் பார்க்கிறார். அங்கே ஓடினால் அடைப்பு அதற்குக் கீழே இருக்கிறது. ஓடாவிட்டால் அதற்கு மேலே இருக்கிறது. கணினியில் தோன்றும் வரைகலைச் சிதைவைக் களைவோரும் இவ்வழியிலேயே செல்கின்றனர். அவர்கள் நடந்து தேடும் கால்வாய், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த மென்பொருள் அடுக்குகளால் ஆனது.

வீட்டிலிருக்கும் மடிக்கணினி

தமிழ்நாடு அரசு, மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டு இயங்குதளங்களும் இடம்பெற்றிருந்தன. பாஸ் லினக்ஸ் என்பது சி-டாக் என்னும் நடுவண் அரசு நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007இல் வெளியிட்ட இயங்குதளம். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2020 சனவரி 14உடன் பொதுப் பயனர்களுக்கு நின்றுபோயின. அக்காவோ அண்ணனோ பள்ளியில் பெற்ற மடிக்கணினி இன்னும் உழைக்கும் நிலையில் இருந்தால், அதற்கு ஏற்றது எடை குறைந்த ஒரு லினக்ஸ் இயங்குதளமே. புதிய விண்டோஸைத் தாங்கும் நினைவகம் அதில் இராது.

ஆனால், வீட்டு அலமாரியில் இருக்கும் குறுவட்டுகள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. 1996இல் கணினிக்கு வந்த ரோட் ராஷ், 1997இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், 1998இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் போன்றவை ஒரு தலைமுறையின் விடுமுறை நாள்களை நிறைத்தவை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் 2009இல் மூடப்பட்டது. அந்தப் பழைய குறுவட்டில் உள்ள நிரலைத் திருத்தித் தர அதை எழுதிய நிறுவனம் இன்று இல்லை. விளையாட்டு மாறாது என்பதால், அதைத் தாங்கும் அடுக்குகளைத்தான் அதற்கு ஏற்றவாறு வளைக்க வேண்டும். இதைச் செய்யத் தெரியாவிட்டால் விளையாட்டுடன், இன்னும் நல்ல நிலையிலுள்ள கணினியும் பயனற்றதாக எண்ணப்பட்டுப் பரணுக்குப் போய்விடுகிறது.

வைன் என்னும் துபாசி

விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்க உதவும் மென்பொருள் வைன். 1993இல் தொடங்கிய இம்முயற்சியை 1994 முதல் அலெக்சாந்தர் சூலியார் என்பவர் வழிநடத்திவருகிறார். அதன் முதலாம் பதிப்பு 2008 சூன் 17 அன்று, பதினைந்து ஆண்டு உழைப்பிற்குப் பின்னரே வெளிவந்தது. வைன் ஒரு போலிக் கணினியை உருவாக்குவதில்லை. விளையாட்டின் கட்டளைகளைச் செயலி நேரடியாகவே நிறைவேற்றுகிறது. 'ஒரு சாளரம் திற', 'இந்த நிறத்தை மாற்று' என விளையாட்டு விண்டோஸிடம் கேட்கும் வேளையில் மட்டும் வைன் குறுக்கே நின்று, அவ்வேண்டுகோளை லினக்ஸுக்குப் புரியும் வகையில் மொழிபெயர்க்கிறது. பழங்காலத் துறைமுகங்களில் வணிகர்களுக்கிடையே நின்ற துபாசியின் வேலை இது.

துபாசிக்கு ஒரு தொல்லை உண்டு. பழைய விளையாட்டுகள் சில, விண்டோஸில் இருந்த பிழைகளையே நம்பி எழுதப்பட்டுள்ளன. ஆகவே வைன், விண்டோஸ் சரியாகச் செய்தவற்றோடு தவறாகச் செய்தவற்றையும் அப்படியே செய்துகாட்ட வேண்டியிருக்கிறது. பதினைந்து ஆண்டு ஏன் தேவைப்பட்டது என்பது இதிலிருந்து ஓரளவு விளங்கும்.

ஒரு படம் கடந்துவரும் வழி பின்வருமாறு அமைகிறது. விளையாட்டு, தட்டைப் படங்களுக்கு டைரக்ட்டிரா என்னும் விண்டோஸ் கூறையும் முப்பரிமாணப் படங்களுக்கு டைரக்ட்3டி என்னும் கூறையும் அழைக்கிறது. வைன் அவ்வழைப்புகளை ஓப்பன்ஜிஎல் என்னும் பொது வரைகலை மொழிக்கு மாற்றுகிறது. அம்மொழியை வரைகலைச் சில்லுக்குரிய இயக்கி ஏற்று, சில்லுக்கான கட்டளைகளாக மாற்றுகிறது. சில்லு வரைந்த படத்தைத் திரை மேலாண்மை நிரல் பிற சாளரங்களோடு சேர்த்து அடுக்குகிறது. இறுதியாகப் படம் கம்பி வழியே திரைக்கு வருகிறது. இவற்றுள் எந்த மடையிலும் நீர் கலங்கலாம்.

பாயும் படமும்

தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை நுண்ணிதாகக் கிழித்து, சாயம் ஏற்றி, பருத்திப் பாவில் ஊடாக நெய்து பத்தமடைப் பாய் உருவாகிறது. புவிசார் குறியீடு பெற்ற அப்பாயைக் கூர்ந்து பார்ப்பவருக்குக் கணினிப் படத்தின் அமைப்பு எளிதில் விளங்கும். திரைப்படமும் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட சிறு புள்ளிகளால் ஆனது. அவற்றைப் படப்புள்ளிகள் என்பர்.

1990களின் விளையாட்டுகள் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஒரே ஒரு பைட்டைத்தான் செலவிட்டன. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணை எழுதலாம். அவ்வெண் நிறமன்று, 256 சாயக் குடங்களை வரிசையாக வைத்து, 'நாற்பதாவது குடத்தில் தோய்' என்று சொல்வது போன்ற குறிப்பு. குடங்களின் வரிசைக்கு நிறத்தட்டு என்று பெயர்.

தெரிந்து தெளிவோம்

640 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமும் உடைய படத்தில் 3,07,200 படப்புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு ஒரு பைட் எனில் 3,07,200 பைட்டுகள் போதும். இன்றைய முறையில் புள்ளிக்கு நான்கு பைட்டுகள் எனில் 12,28,800 பைட்டுகள் வேண்டும். வரைகலை அட்டையின் நினைவகம் ஓரிரு மெகாபைட் மட்டுமே இருந்த காலத்தில் இவ்வேறுபாடு பெரிது.

நிறத்தட்டால் இன்னொரு நன்மையும் இருந்தது. ஓடும் ஆற்றைக் காட்ட வேண்டுமெனில் படத்தை மீண்டும் வரையத் தேவையில்லை. நீல நிறக் குடங்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாற்றினால் நீர் ஓடுவதுபோலத் தோன்றும். அக்காலக் கலைஞர்கள் சிலர் இவ்வுத்தியால் அருவிகளையும் தீயையும் அசைத்துக் காட்டினர்.

குடங்களின் வரிசை கலைந்தால் என்ன ஆகும்? பாயின் கோலம் சற்றும் மாறாது. ஆனால் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை வரும். திரையில் மனிதர், மரம், கட்டடம் யாவும் தத்தம் வடிவில் இருக்க, நிறங்கள் மட்டும் தாறுமாறாக இருந்தால் பிழை நிறத்தட்டில் உள்ளது என உறுதியாகக் கொள்ளலாம். இது லினக்ஸுக்கே உரிய குறையன்று. 1999இல் வெளிவந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின் இரண்டாம் பாகம் விண்டோஸ் 7இல் இயங்கியபோதும் நீரும் புல்லும் ஊதாவும் சிவப்புமாக மாறின. பின்னணியில் இருந்த எக்ஸ்ப்ளோரர் என்னும் விண்டோஸின் சொந்த நிரல் நிறத்தட்டில் கை வைத்ததே காரணம். அந்நிரலை நிறுத்திவிட்டு விளையாடினால் நிறங்கள் சீராயின.

வடிவம் சாய்ந்து, படம் முழுவதும் குறுக்குக்கோடுகளாக இழுபட்டுத் தோன்றுவது வேறு வகை. ஒரு வரிசைக்கு 640 இழை என எண்ணி நெய்பவரிடம், வரிசைக்கு 704 இழை கொண்ட பாவைக் கொடுத்தால் ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிடச் சற்று விலகித் தொடங்கும். கோலம் சரிந்துகொண்டே போகும். நினைவகத்தில் ஒரு வரிசையின் நீளம் படத்தின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஒதுக்கப்படுவது உண்டு. அந்நீளத்தைக் கேட்டறியாமல், அது 640தான் எனத் தானாகக் கருதிக்கொள்ளும் விளையாட்டில் இக்குறை தோன்றும். நிறங்கள் இங்கே சரியாகவே இருக்கும் என்பது கவனிக்கத்தக்கது.

மரங்களையும் மனிதர்களையும் சுற்றி இளஞ்சிவப்புப் பெட்டி தோன்றினால் அது மூன்றாவது வகை. அக்கால ஓவியர்கள், ஒளி ஊடுருவ வேண்டிய இடங்களை எங்கும் பயன்படாத ஒரு நிறத்தால் நிரப்பி வைத்தனர். 'இந்நிறத்தை வரையாதே' என்பது ஏற்பாடு. ஏற்பாட்டைக் கீழடுக்கு கவனிக்கத் தவறினால் பெட்டி முழுதாகத் தெரியும். படத்தைப் பெரிதாக்கும்போது அண்டைப் புள்ளிகளின் நிறங்கள் கலந்துவிட்டால், உருவத்தின் விளிம்பில் மட்டும் மெல்லிய இளஞ்சிவப்புக் கரை நிற்கும். முதலாவதற்கு மொழிபெயர்ப்பையும் இரண்டாவதற்குப் பெரிதாக்கும் அமைப்பையும் ஆராய வேண்டும்.

முப்பரிமாண விளையாட்டுகளில் தொலைவிலுள்ள சுவர்களும் சாலைக்கோடுகளும் மினுங்கி மினுங்கி ஒன்றையொன்று விழுங்குவதைக் காணலாம். எந்தப் பொருள் முன்னே, எது பின்னே என்பதைக் கணினி ஆழ எண்களாகக் குறித்துவைக்கிறது. 16 பிட் ஆழக் கணக்கில் 65,536 படிகளே உண்டு. 24 பிட் கணக்கில் 1,67,77,216 படிகள் உண்டு. இப்படிகளில் பெரும்பங்கு அருகிலுள்ள பொருள்களுக்கே செலவாகிவிடுகிறது. ஆதலால் தொலைவில் உள்ள இரு பரப்புகள் ஒரே எண்ணைப் பெற்று மாறி மாறித் தோன்றுகின்றன.

மதகு மதகாகத் தேடல்

எடுத்த எடுப்பிலேயே அமைப்புகளை மாற்றத் தொடங்குவது பயனற்றது. முதற்சோதனைக்கு ஒரு விசையை அழுத்தினால் போதும். சிதைவு தோன்றும்போது திரைப்பிடிப்பு எடுத்து, அப்படத்தை வேறொரு கருவியில் பார்க்க வேண்டும். பிடித்த படத்திலும் சிதைவு இருந்தால், படம் திரைக்கு வருமுன்னரே கெட்டிருக்கிறது. பிடித்த படம் தூயதாக இருந்தால் விளையாட்டையும் வைனையும் விட்டுவிட்டுக் கம்பியையும் திரையையும் பார்க்கலாம். நடு மதகில் நீரைப் பார்ப்பது இதுவே. இதைச் செய்யாமல் நாள்கணக்கில் வைனின் அமைப்புகளோடு மல்லுக்கட்டுவோர் பலர்.

விளையாட்டை மூடிய பின்னும் சாளரங்களில் நிறச் சதுரங்கள் சிதறிக் கிடந்தால் குறை இயக்கியிலோ சில்லிலோ உள்ளது. தொடங்கியவுடன் நன்றாக இருந்து, இருபது நிமிடம் கழித்துச் சிதைந்தால் வெப்பத்தை ஐயுற வேண்டும். சித்திரை வெயிலில் நெல்லைச் சீமையின் ஓர் அறையில், தூசி அடைந்த விசிறியோடு ஓடும் பத்தாண்டு பழைய மடிக்கணினிக்கு மென்பொருள் மருத்துவம் பலிக்காது. விசிறியைத் தூய்மை செய்த பின்னரே அடுத்த சோதனைக்குச் செல்ல வேண்டும்.

இயக்கி குற்றமுடையதா என அறிய ஒரு நல்ல வழி உண்டு. லினக்ஸின் மேசா என்னும் வரைகலைத் தொகுப்பில், சில்லின் உதவியே இன்றிச் செயலியைக் கொண்டு படம் வரையும் முறை ஒன்று இருக்கிறது. அம்முறையில் விளையாட்டு மிக மெதுவாக நகரும், விளையாட முடியாது. ஆனால் சிதைவு மறைந்துவிட்டால் குற்றவாளி இயக்கி அல்லது சில்லு எனத் தெரிந்துவிடும். மறையாவிட்டால் மேலே, வைனை நோக்கிச் செல்ல வேண்டும். ஓப்பன்ஜிஎல் வழி இயங்கும் விளையாட்டுகளுக்கு இச்சோதனை தெளிவான விடை தரும்.

பழைய விளையாட்டுகள் 32 பிட் நிரல்கள் என்பதையும் மறக்கலாகாது. 64 பிட் லினக்ஸில் இயக்கியின் 32 பிட் பகுதியைத் தனியே நிறுவ வேண்டியிருக்கலாம். அது இல்லாவிட்டால் பிற நிரல்களில் குறையேதும் தெரியாது; விளையாட்டு மட்டும் நொண்டும் அல்லது இயங்க மறுக்கும்.

வைனுக்குள் வந்தபின் முதலில் செய்யத்தக்கது, புதிய வெற்றுக் கோப்புறை ஒன்றில் விளையாட்டை மீண்டும் நிறுவிப் பார்ப்பது. வைன் ஒவ்வொரு கோப்புறையையும் தனித்தனி விண்டோஸ் கணினியாகவே நடத்துகிறது. இணையத்தில் கிடைத்த டிஎல்எல் கோப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டி நிரப்பிய பழைய கோப்புறையில் பிழையைத் தேடுவது, அடைப்பு எங்கெனப் பாராமல் கால்வாய்க் கரையை வெட்டுவதற்கு ஒப்பானது. முனையச் சாளரத்தில் 'ஃபிக்ஸ்மீ' எனத் தொடங்கும் வரிகள் நூற்றுக்கணக்கில் ஓடுவதைக் கண்டு அஞ்சவும் தேவையில்லை. இன்னும் எழுதி முடிக்கப்படாத பகுதி என வைனின் நிரலாளர்கள் தமக்குத்தாமே இட்டுக்கொண்ட குறிப்புகள் அவை. அவற்றுள் பெரும்பாலானவை படத்தைப் பாதிப்பதில்லை.

திரை கறுத்துப்போனாலோ படம் ஒரு மூலையில் சுருங்கி நின்றாலோ, வைனின் அமைப்புச் சாளரத்தில் மெய்நிகர் மேசைத்தளம் என்னும் வசதியை இயக்கிப் பார்க்கலாம். விளையாட்டு முழுத்திரையையும் தன் வசமாக்கி அளவை மாற்ற முயல்கிறது. இன்றைய திரை மேலாண்மை நிரல்கள் அதற்கு எளிதில் இணங்குவதில்லை. ஒரு சட்டத்துக்குள் 640க்கு 480 அளவில் தனித் திரை ஒன்றைக் கொடுத்துவிட்டால் பூசல் தீர்ந்துவிடுகிறது.

நிறத்தட்டுச் சிக்கல் நீடித்தால் மொழிபெயர்ப்பு அடுக்கையே மாற்றலாம். கமாண்ட் அண்ட் காங்கர் என்னும் விளையாட்டுக்காக எழுதப்பட்டுப் பின்னர் பல விளையாட்டுகளுக்கும் விரிந்த சிஎன்சி-டிடிரா என்னும் கோப்பு, டைரக்ட்டிராவின் இடத்தில் தானே அமர்ந்து, 256 நிறப் படத்தை இன்றைய நிற முறைக்கு மாற்றித் தருகிறது. அதை விளையாட்டின் கோப்புறையில் வைப்பதோடு, தன் சொந்தக் கோப்பை விட்டு இதை ஏற்குமாறு வைனுக்கும் அறிவிக்க வேண்டும். இவ்விரண்டாம் படியை விட்டுவிட்டு 'பயனில்லை' எனக் கைவிடுவோரே மிகுதி.

புகழ் பெற்ற கருவி எல்லா நோய்க்கும் மருந்தாகாது. டிஎக்ஸ்விகே என்னும் அடுக்கு டைரக்ட்3டி அழைப்புகளை வல்கன் என்னும் புதிய வரைகலை மொழிக்கு மாற்றுகிறது. 2018இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டானிலும் அது இடம்பெற்றுள்ளது. ஆனால் டைரக்ட்டிரா விளையாட்டுகள் அதன் எல்லைக்குள் வருவதில்லை. மேலும், 2011, 2012 காலத்து மடிக்கணினிகள் பலவற்றின் சில்லுகள் வல்கனை அறியாதவை. அத்தகைய கணினியில் ஓப்பன்ஜிஎல் வழியே தக்க வழி.

பாதியாகப் பகுத்தல்

சென்ற ஆண்டு நன்றாக ஓடிய விளையாட்டு, வைனின் புதிய பதிப்பில் சிதைந்தால் என்ன செய்வது? இடைப்பட்ட காலத்தில் வைனின் மூலநிரலில் ஆயிரம் மாற்றங்கள் நிகழ்ந்திருக்கலாம். ஆயிரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. நடுவிலுள்ள ஐந்நூறாவது மாற்றத்தோடு வைனை உருவாக்கி இயக்க வேண்டும். படம் நன்றாக இருந்தால் பிழை பிற்பாதியில், சிதைந்திருந்தால் முற்பாதியில். எஞ்சிய பாதியை மீண்டும் பாதியாக்க வேண்டும். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024 ஆதலால், பத்துச் சோதனைகளில் குற்றமுள்ள ஒரே மாற்றம் அகப்பட்டுவிடும். கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவி இக்கணக்கைத் தானே வைத்துக்கொண்டு, அடுத்து எதைச் சோதிக்க வேண்டும் எனச் சொல்கிறது. மூலநிரல் திறந்திருப்பதால்தான் இது இயல்கிறது; மூடிய மென்பொருளில் பயனர் கடைமடையோடு நிற்க வேண்டியதுதான்.

கண்டறிந்த மாற்றத்தை வைன் திட்டத்தின் பிழைப் பதிவேட்டில் யாரும் எழுதலாம். விளையாட்டின் பெயரும் பதிப்பும், வைனின் பதிப்பு, வரைகலைச் சில்லு, இயக்கியின் பதிப்பு, ஒரு திரைப்பிடிப்பு, செய்து பார்த்த சோதனைகள் ஆகியன அதில் இடம்பெற வேண்டும். 'படம் சரியில்லை' என்ற ஒற்றை வரியைக் கொண்டு எவராலும் ஒன்றும் செய்ய இயலாது. 'நிறம் மாறுகிறது, வடிவம் மாறவில்லை' என்னும் வரி நிரலாளரை நேரே நிறத்தட்டுக்கு அழைத்துச் செல்லும். திருத்தம் ஏற்கப்பட்டால் அது முதலில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை வெளிவரும் வளர்ச்சிப் பதிப்பிலும், பின்னர் ஆண்டுத் தொடக்கத்தில் வெளிவரும் நிலைப்பதிப்பிலும் சேர்கிறது.